மகளுக்கு வக்கீல் கோட்டு, நமக்குக் கணக்கு நோட்டு!



சென்ற இதழில் கோடைக்காலக் குடிநீரைப் பற்றி எழுதும்போது, என் பெரிய பெண் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் என்னைத் திக்குமுக்காட வைத்துவிட்டன! தர்மபுரி பக்கத்துச் சகோதரி ஒருவர், "என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சட்டம் படித்து, ஆறு, குளம், காற்று இவற்றுக்காக வழக்காடப் போகிறாளாம். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இதில் சோறு உண்டா? பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா? ஒளிக்காமல் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நான் பத்தாவது வரை படித்தவள். சட்டப் புத்தகத்தின் அட்டையைத் துடைத்து வைப்பதோடு சரி. ஆனாலும் நாலு வருஷமாக என் சமையலறை மேடையில் உட்கார்ந்துகொண்டு, காய் நறுக்குகிற சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் படிக்கிறாள் என் பெண். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது. புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம்

எங்கள் ஊர் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். 24 வருஷ வேலை. எங்கள் உலையில் கொதிக்கும் அரிசி அந்தச் சம்பளத்தில் வந்ததுதான். எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் அதே தொழிலால்தான். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற உண்மை.

நான் மருமகளாக வந்தது 2001-இல். அப்போதே அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காது. "நான் வந்த புதுசிலே இதே கிணத்துத் தண்ணியிலே இளநீர் மாதிரி ஒரு ருசி இருந்துச்சும்மா" என்று என் மாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம்பவே முடியாது. வந்த நாளிலிருந்து குடத்துத் தண்ணீர், டேங்கர் தண்ணீர், இப்போது கேன் தண்ணீர் என்று வாங்கித்தான் குடிக்கிறோம்.

இளம் தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்திருக்கிற உப்போ, குரோமியம் போன்ற உலோகமோ போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

பாடப் புத்தகத்தில் எங்கள் ஊர்

என் பெண் சட்டம் படிக்கப் போனபோது ஆற்றையும் குளத்தையும் நினைத்துக்கொண்டு போகவில்லை. மாஜிஸ்திரேட் பரீட்சை எழுதி அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அவளுடைய அப்பாவுக்கும் அதுதான் ஆசை.

மூன்றாம் வருஷம் சுற்றுச்சூழல் சட்டம் என்று ஒரு பாடம் வந்தது. எல்லாச் சட்டக் கல்லூரியிலும் அது கட்டாயப் பாடமாம். அதில் ஒரு வழக்கை நடத்தினார்கள். இந்தியாவில் எந்த மூலையில் சட்டம் படிக்கிற பிள்ளையும் அந்த வழக்கைப் படிக்காமல் வர முடியாது என்கிறாள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதைப் பற்றியது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவள், காபியைக்கூடத் தொடாமல், "பாட்டி, உங்க கிணத்தைப் பத்தி டில்லியிலே தீர்ப்பு இருக்கு!" என்று படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் இருக்கிறது. வேலூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றுகூடத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க குடம் தூக்கினது டில்லிக்குத் தெரிஞ்சிருக்கா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் என் பெண்ணின் மனசு திரும்பியது என்று நான் நினைக்கிறேன்.

கொட்டியவன் துடைக்க வேண்டும்

அந்தத் தீர்ப்பு இரண்டு விதிகளை நம் நாட்டுச் சட்டத்தின் பாகம் என்று ஊன்றிச் சொன்னது. பெயர்கள் பெரிசு, விஷயம் அடுப்பங்கரை விஷயம்தான்.

ஒன்று, முன்னெச்சரிக்கை. பால் திரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தா தெரிந்துகொள்வோம்? ஒதுக்கிவிடுவோம். அதேபோல், கெடுதல் வரும் என்று நியாயமான பயம் இருந்தால், விஞ்ஞானிகள் நூற்றுக்கு நூறு நிரூபிக்கிற வரை அரசாங்கம் காத்திருக்கக் கூடாது. கெடுதல் இல்லை என்று காட்டுகிற பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது.

இரண்டாவது, கொட்டியவனே துடைக்க வேண்டும். மாசு செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுப்பதோடு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்கிற செலவையும் ஏற்க வேண்டும்.

ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வைக்கச் சொன்னார்கள். இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு பசுமை அமர்வு வேண்டும் என்றும் சொன்னார்கள். வழக்கை நடத்திய வக்கீல் எம்.சி. மேத்தாவுக்குத் தமிழக அரசு 50,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அஞ்சு வருஷத்து வழக்குக்கு அவ்வளவுதான் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்! வருமானத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்பாவும் பெண்ணும்

இந்தத் துறைக்குத்தான் போவேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"என் முதலாளி முகத்திலே நான் எப்படி முழிப்பேன்? உனக்கு ஃபீஸ் கட்டினதே அந்தக் காசுதானே" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. குரல் கம்மிப்போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா, உங்க கம்பெனி மேலே நான் வழக்கு போடப் போறதில்லே. போடவும் கூடாது. ஆனா வேற எந்த ஊருக் கிணறும் நம்ம கிணறு மாதிரி ஆகக் கூடாதில்லே?"

"கம்பெனி மூடினா ஆயிரம் குடும்பம் என்ன செய்யும்?"

அவள் உடனே தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, நாட்டுக்கு அவசியமானது என்று நீதிபதியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்காகச் சூழலை அழிக்கவும் ஜனங்களின் உடம்பைக் கெடுக்கவும் அதற்கு உரிமை கிடையாது என்றுதான் அடுத்து எழுதியிருக்கிறார். சுத்திகரிப்பு நிலையம் வைத்து நடத்துகிறவர் நடத்தலாம், வைக்காதவர் மூட வேண்டும் என்பதுதான் உத்தரவு. இவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது, "சுத்தம் பண்ணச் சொல்ற வக்கீலா இரு. மூடச் சொல்ற வக்கீலா ஆயிடாதே" என்றார். "சுத்தம் பண்ணவே மாட்டேன்னா?" என்று அவள் கேட்டாள். அதற்கு இன்றைக்கு வரை பதில் வரவில்லை. ஆனால் சென்னைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது இவர்தான்.

"வழக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?" என்கிறவர்களுக்கு

என் நாத்தனார் கேட்டது இது. அவருக்கு என் பெண் சொன்ன பதிலைச் சொல்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஓர் ஊர். ஒரு தெருவில் திறந்த சாக்கடை, ஆலைக் கழிவு, நாற்றம், கொசு. தெருக்காரர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி, கையில் காசில்லை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், காசில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். தெருச் சாக்கடை உச்ச நீதிமன்றம் ஏறிய கதை! அவர்கள் பயன்படுத்தின பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது.

1983-இல் டேராடூனிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிற்று. சுண்ணாம்புக்கல் வெட்டி மலையே சரிகிறது, ஊற்றுகள் வற்றுகின்றன என்று. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1985-இல் பல குவாரிகளை மூட உத்தரவாயிற்று.

உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சூழ்நிலையைப் பற்றிப் பாடம் படிக்கிறார்களே, அதற்குப் பின்னாலும் ஒரு வழக்கு உண்டு. எம்.சி. மேத்தா போட்ட மனுவின் பேரில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தீபாவளிக்குக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரைதான் வெடி என்று நம் மாநிலத்தில் நேரம் வைத்தார்களே, அதன் மூலம் எங்கே தெரியுமா? 2015-இல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், அவர்களின் அப்பாக்கள் போட்ட வழக்கு. ஒன்றுக்குப் பதினான்கு மாதம், மற்ற இரண்டுக்கும் ஆறு மாதம். சுத்தமான காற்று எங்களுக்கும் உரிமை என்பது அந்தக் குழந்தைகளின் வாதம். சிவகாசியில் அந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களின் வயிற்றையும் நீதிமன்றம் யோசிக்க வேண்டியிருந்தது. 2018-இல் பசுமைப் பட்டாசு, இரண்டு மணி நேரம் என்று நடுவழி சொன்னார்கள். யார் வயிறும் காயாமல், யார் நெஞ்சும் அடைக்காமல் வழி தேடுவது லேசான வேலை இல்லை. அதனால்தான் நன்றாகப் படித்த பிள்ளைகள் இதற்கு வேண்டும் என்கிறேன்.

பெண்கள் இந்த வேலையில் உண்டா என்று கேட்பவர்களுக்கு: கோவாவில் 1986-இல் தொடங்கிய கோவா ஃபவுண்டேஷன் அமைப்புக்காகக் கடற்கரைகளையும் காடுகளையும் காக்க எத்தனையோ வழக்குகளை நடத்தியவர் நார்மா ஆல்வாரெஸ் என்ற பெண் வக்கீல். 2002-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் நாகப்பட்டினக் கடலோரத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்து ஏழைப் பெண்களைத் திரட்டிப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை உங்களுக்குத் தெரியும். அவர் கணவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தியது.

படிப்பு எப்படி?

இனி தர்மபுரிச் சகோதரி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சட்டம் படிக்கலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு என்றால் 5 வருஷம். ஒரு பட்டம் வாங்கிவிட்டுப் போனால் 3 வருஷம். வேலூர், திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. 5 வருஷப் படிப்புக்கு அங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்க்கிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் என்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே செலவும் அதிகம். அரசுக் கல்லூரியில் படித்து இந்தத் துறைக்கு வர முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படிக்கும்போதே வக்கீல்களிடமும் அமைப்புகளிடமும் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். 5 வருஷப் படிப்பில் மொத்தம் 20 வாரமாவது, 3 வருஷப் படிப்பில் 12 வாரமாவது என்பது பார் கவுன்சில் விதி. இதைச் சடங்குக்குச் செய்யாமல், விரும்புகிற துறையிலேயே செய்ய வேண்டும். என் பெண் போன கோடையில் சென்னையில் ஒரு பெண் வக்கீலிடம் நாலு வாரம் இருந்தாள். சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அவர் வாதாடுகிறவர். 2010-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட இந்தத் தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு கூட விஞ்ஞானம் தெரிந்த நிபுணரும் உட்கார்ந்து கேட்பார். அதனால் வக்கீலுக்கும் கொஞ்சம் ரசாயனம், கொஞ்சம் வரைபடம், கொஞ்சம் நிலக் கணக்கு தெரிய வேண்டும். என் பெண் பிளஸ் டூவில் ஓரங்கட்டிய கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்!

அங்கே அவள் செய்த வேலை கோர்ட்டில் நின்று பேசுவது என்று நினைக்காதீர்கள். பாதி நாள் நகல் எடுப்பதும் பக்கத்துக்கு எண் போடுவதும்தான். மீதி நாள், கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதுவது. ஒரு தரம், ஒரு பாட்டிலில் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பெருமையாக வந்து நின்றாளாம். அந்த வக்கீல் அம்மா, "இது உனக்குத் தெரிஞ்சுக்க உதவும். தண்ணீர்ச் சட்டத்தின் கீழே சாட்சியா நிக்கணும்னா, வாரியத்து அதிகாரி நோட்டீஸ் கொடுத்து எடுத்து, இரண்டு பங்காப் பிரிச்சு, சீல் வெச்சு அனுப்பணும்" என்றாராம். முறை தவறினால் உண்மைகூடத் தோற்றுப்போகும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 125 ரூபாய்க்கு மேலும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. அந்த 100 மார்க்கில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு 2 மார்க்தான்! ஆகையால் சிவில், கிரிமினல், அரசியல் சாசனம் எல்லாம் ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும்.

சோறு உண்டா?

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். முதல் இரண்டு மூன்று வருஷம் கஷ்டம்தான். கிணறு கெட்ட விவசாயி என்ன ஃபீஸ் கொடுப்பார்? ஒரு குலை வாழை கொடுப்பார்.

ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லியிருக்கிறது. கையில் வருவது சீனியருக்குச் சீனியர் வித்தியாசப்படும். சேருவதற்கு முன்பே வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். பொதுநல வழக்கை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் குறைவு. சொத்து வழக்கு, சர்வீஸ் வழக்கு, குடும்ப வழக்கு என்று மற்ற வேலையும் பார்த்துக்கொண்டு, அதில் வரும் வருமானத்தில் இதையும் நடத்துகிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேனல் வக்கீலாகலாம். கல்லூரியில் பாடம் நடத்தலாம். கம்பெனிகளுக்கே சட்டப்படி கழிவை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆலோசனை சொல்லலாம். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கடைசி வழிதான் பிடித்திருக்கிறது, பாவம்!

எங்கள் வீட்டில் என்ன ஏற்பாடு என்று கேட்பீர்கள். பெரியவளின் நகைக்கு என்று மாதம் 5,000 வீதம் ஒரு சீட்டுக் கட்டி வந்தேன். இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. அதை எடுத்து, அவள் சென்னையில் ஜூனியராக இருக்கப்போகிற முதல் இரண்டு வருஷத்து ஹாஸ்டல் செலவுக்கு வைத்திருக்கிறேன். அம்மா வீட்டில் விஷயம் தெரிந்து என் அண்ணன், "கழுத்துக்கு ஒண்ணும் போடாம பொண்ணை எப்படிக் கட்டிக் கொடுப்பே?" என்று கோபித்துக்கொண்டார். ஒரு வரன் இதே காரணத்தால் தட்டியும் போய்விட்டது. "வக்கீலா? அதுவும் கேஸ் போடற வக்கீலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காத நாளும் உண்டு. ஆனால் பெண்ணை உட்கார வைத்து, இரண்டு வருஷம், இன்ன தொகை, அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். கனவு காண்கிற பிள்ளைக்குத் தாய் செய்து தர வேண்டியது இந்தக் கணக்குதான் என்பது என் அபிப்பிராயம்.

பயம் இருக்காதா என்றால், இருக்கும். தனியாகக் கிராமத்துக்குப் போவதில்லை, ராத்திரிக்குள் திரும்ப வேண்டும், போகிற இடத்தைச் சீனியரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். அரைகுறைத் தகவலோடும், யார் மேலோ உள்ள கோபத்தோடும் பொதுநல வழக்குப் போட்டால் நீதிமன்றம் அபராதம் போட்டுவிடும் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கணக்கு நோட்டு

சென்னையிலிருந்து ஒரு நாள் போன் செய்தாள். "அம்மா, நீ தண்ணிக்குச் செலவு பண்ணினதை எழுதி வெச்சிருக்கியா?" என்று. எழுதாமல் என்ன? கல்யாணமான நாளிலிருந்து பால், மளிகை, தண்ணீர் எல்லாம் எழுதுகிறேன். 2001 முதல் எல்லா நோட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. குடம் இத்தனை, டேங்கர் இன்ன தேதி, கேன் இத்தனை என்று. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த வக்கீல் அம்மா பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நோட்டு இருக்கிற அம்மாக்கள் எல்லா ஊரிலேயும் இருந்தா என் வேலை பாதி முடிஞ்சுடும்" என்றாராம். வழக்கில் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் பலருக்கும் காட்ட ஒரு தாள்கூட இருக்காதாம்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் ஊரில் தண்ணீரோ காற்றோ கெட்டுவருகிறது என்று தோன்றினால் இதைச் செய்யுங்கள்:

1. தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். என்ன நிறம், என்ன நாற்றம், யாருக்கு என்ன உபாதை, மருந்துக்கும் தண்ணீருக்கும் என்ன செலவு. ரசீதுகளைக் கிழிக்காதீர்கள்.

2. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

3. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்த ஆலைக்கு வாரியத்தின் இசைவாணை உண்டா, கடைசியாக எடுத்த பரிசோதனை முடிவு என்ன என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

4. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால், பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தரலாம். நஷ்டஈடு கேட்பதற்கு 5 வருஷம் வரை நேரம் உண்டு. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

5. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

தீர்ப்பு வந்தும் தண்ணீர் வரவில்லை

கடைசியாக ஒன்று. 1996 தீர்ப்போடு எங்கள் கிணறு இனித்துவிடவில்லை. நஷ்டஈடு முழுசாகப் போய்ச் சேரவில்லை, மாசு நிற்கவில்லை என்று மறுபடியும் வழக்கு நடந்து, 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புக் கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டைக் கொடுத்து முடிக்க வேண்டும், அதை மாசு செய்தவர்களிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைத்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்று. இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் 28 வருஷம் ஓடிவிட்டது. என் மாமியார் கேட்டுவிட்டு, "தீர்ப்பு ரெண்டு வந்துடுச்சு. தண்ணி எப்போ வரும்?" என்றார்.

என் பெண் அவருக்குச் சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. "அதைக் கேட்டுக்கிட்டே இருக்கத்தான் பாட்டி வக்கீல் வேணும்" என்றாள்.

தர்மபுரிச் சகோதரி அவர்களே, உங்கள் பெண்ணைச் சிரித்து அடக்கிவிடாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று முதலில் கேளுங்கள். இந்த விடுமுறையில் பக்கத்துக் கோர்ட்டில் ஒரு நாள் அவளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் காத்திருந்து வாய்தா வாங்கிக்கொண்டு போகிற ஜனங்களைப் பார்த்த பிறகும் அவளுக்கு ஆசை தீராமல் இருந்தால் சேர்த்துவிடுங்கள். செலவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், அதில் முதல் வரியை அவளே எழுதட்டும்.

அடுத்த இதழில், உப்புத் தண்ணீரால் பாத்திரத்தில் படிகிற வெள்ளைக் கறையை எடுக்க எனக்குக் கைகண்ட முறைகளைச் சொல்கிறேன். உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று ஒரு கார்டு போடுங்கள்.